சினை மீனுக்கு வழி விட்டவர்கள்: 700 ஆண்டுக் கதை

போன வருடம் நவம்பரில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தோம். வடக்கே யார்க்ஷயர் பகுதியில் இல்க்லி என்று ஒரு சிறிய ஊர். ஊரை ஒட்டி வார்ஃப் என்ற ஆறு ஓடுகிறது. நம் ஊர் ஆறுகளைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பெரிய வாய்க்கால்தான். ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். காலையில் மாப்பிள்ளையும் நானும் கரையோரமாக நடக்கப் போவோம்.

ஒரு நாள் ஒரு பெரியவர் தொடை வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஆற்றுக்குள் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள்ளேயே மெதுவாக நடந்து வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். கரையேறி, பத்தடி தூரம் புல்லில் நடந்து, மறுபடி ஆற்றில் இறங்கினார். அந்தக் குளிரில் எதற்கு இந்தச் சுற்றுவழி என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை அவரிடமே கேட்டார்.

அவர் தண்ணீருக்குள் கையைக் காட்டினார். சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கற்கள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் கற்கள் தேய்த்துக் கழுவியது போல வெளுத்துக் கிடந்தன. "அங்கே ஒரு டிரவுட் முட்டை வைத்திருக்கிறது. மிதித்தால் எல்லாம் போய்விடும்" என்றார். அவர் பிடிக்க வந்தது கிரேலிங் என்ற வேறொரு மீனை. அது வசந்த காலத்தில்தான் முட்டையிடும், ஆகவே குளிர்காலத்தில் அதைப் பிடிக்கத் தடையில்லை. "டிரவுட்டை இப்போது தொடக் கூடாது என்பது சட்டமா?" என்று கேட்டோம். "சட்டம்தான். ஆனால் சட்டத்தைப் படிப்பதற்கு முன்பே என் அப்பா சொல்லிக் கொடுத்துவிட்டார்" என்று சிரித்தார்.

அந்த வெளுத்த கல் திட்டு என் மனதில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முட்டையிட வரும் மீனைப் பிடிக்கலாமா என்ற கேள்விக்கு 700 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு கிளை நம் நீலகிரி வரை வந்திருக்கிறது. அதைத்தான் இந்த முறை நம் இதழுக்காக எழுதுகிறேன்.

மீன் என்ன செய்கிறது?

முதலில் அந்தக் கல் திட்டைப் பற்றி. இங்கிலாந்தின் ஆறுகளில் இயற்கையாகவே வாழும் பழுப்பு டிரவுட், இலையுதிர் காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது முட்டையிடும். அதற்காக ஆற்றின் மேற்பகுதிக்கும் சிறு ஓடைகளுக்கும் ஏறிப் போகும். ஆழமில்லாத, வேகமாக ஓடும் நீர் வேண்டும். அடியில் சுத்தமான கூழாங்கல் வேண்டும்.

பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கல்லை அடிக்கும். கல் எழும்பிச் சற்றுத் தள்ளி விழ, ஒரு குழி உண்டாகும். அந்தக் குழிக்குள் முட்டைகளை விடும். ஆண் மீன் அதே நேரத்தில் கருவூட்டும். உடனே பெண் மீன் கொஞ்சம் மேலே நகர்ந்து அடுத்த குழியைத் தோண்டும். அங்கே கிளம்பும் கல் முதல் குழியை மூடிவிடும். நாங்கள் பார்த்த வெளுத்த திட்டு அப்படிப் புரட்டிப் போட்ட கற்கள்தான்.

ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 முட்டைகள் இடும். அவற்றுக்குக் கல்லின் இடுக்கு வழியே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேறு படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மாதக் கணக்கில் அப்படியே கிடந்து பொரிந்த பிறகும் குஞ்சு உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவைத் தின்றுகொண்டு இன்னும் சில வாரங்கள் கல்லுக்கடியிலேயே இருக்கும். நவம்பரில் இட்ட முட்டை நீந்தும் மீனாக வெளியே வர ஏப்ரல் ஆகிவிடும்.

முட்டையிட வரும் மீன் மெலிந்து, களைத்து, தன் பாதுகாப்பை மறந்து, ஆழமில்லாத நீரில் கூட்டமாக நிற்கும். அதைப் பிடிக்கத் திறமையே வேண்டாம். கையில் ஒரு ஈட்டியும் இரவில் ஒரு பந்தமும் போதும். பிடிபட்டால் அதன் சதையில் ருசியும் இருக்காது. மிகச் சுலபமாகப் பிடிபடும் காலமும், பிடித்தால் மிக அதிக நஷ்டம் உண்டாகும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. இந்தக் கதை முழுவதும் அந்தச் சிக்கலிலிருந்துதான் வருகிறது.

1285: வலையை எரித்த சட்டம்

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1285ல், வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் என்று ஒன்று வந்தது. நிலம், வாரிசு, வழக்கு என்று எத்தனையோ விஷயங்களைப் பேசும் அந்த நீண்ட சட்டத்தில் 47ஆம் பிரிவு மீனைப் பற்றியது. டிரவுட்டின் நெருங்கிய உறவான சால்மன் மீனை, செப்டம்பர் 8 முதல் நவம்பர் 11 வரை பிடிக்கக் கூடாது. சால்மன் குஞ்சுகளை ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை பிடிக்கக் கூடாது. முட்டையிடப் போகும் தாய்க்கு ஒரு காலம், கடலை நோக்கி இறங்கும் குஞ்சுக்கு ஒரு காலம் என்று இரண்டையும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள்.

சட்டத்தில் ஆறுகளின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. ஹம்பர், ட்ரென்ட், டீஸ், டைன் என்று போகும் அந்தப் பட்டியலில் நான் காலையில் நடந்த வார்ஃப் ஆறும் இருப்பதைப் பார்த்தபோது சற்றுச் சிலிர்த்தது. மீறினால் முதல் முறை வலையையும் பொறியையும் எரித்துவிடுவார்கள். இரண்டாம் முறை 3 மாதம் சிறை. மூன்றாம் முறை ஒரு வருடம்.

100 ஆண்டு கழித்து, இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், ஒரு திருத்தம் செய்தார்கள். லங்காஷயர் ஆறுகளில் மீன் வேறு மாதங்களில் முட்டையிடுகிறது என்பதைக் கவனித்து, அங்கே மட்டும் தடைக்காலத்தை செப்டம்பர் 29 முதல் பிப்ரவரி 2 வரை என்று மாற்றினார்கள். நாட்டுக்கெல்லாம் ஒரே தேதி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தந்த ஆற்றங்கரையில் இருந்தவர்கள் சொன்னதை யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

பன்றிக்கும் நாய்க்கும் போன குஞ்சுகள்

டிரவுட்டின் பெயர் சட்டத்தில் தெளிவாக வருவது முதலாம் எலிசபெத் அரசி பட்டத்துக்கு வந்த முதல் ஆண்டில், 1558–59ல். மீனின் முட்டையையும் குஞ்சையும் காப்பதற்கென்றே ஒரு தனிச் சட்டம். அதன் முன்னுரையில் ஒரு வேதனையான செய்தி இருக்கிறது. சில இடங்களில் மீன் குஞ்சுகளை அள்ளிப் பன்றிக்கும் நாய்க்கும் தீனியாகப் போடுகிறார்களாம்.

அந்தச் சட்டம் அளவுகோலைக் கையில் எடுத்தது. டிரவுட் 8 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது, சால்மன் 16 அங்குலம். வலைக் கண்ணின் அகலம் இரண்டரை அங்குலம். முட்டையிடும் காலத்து மீனையும், முட்டையிட்டு ஓய்ந்த மீனையும் தொடக் கூடாது.

இதற்கும் ஏறத்தாழ 100 ஆண்டு கழித்து, 1653ல், ஐசக் வால்டன் எழுதிய 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்ற தூண்டில் நூல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் மிக அதிக முறை அச்சான நூல்களில் ஒன்று. அதில் வால்டன், முட்டையிடும் மாதங்களில் மீனைப் பிடிப்பதைக் கண்டிக்கிறார். பழைய சட்டங்களை நினைவுபடுத்திவிட்டு, சட்டம் இருக்கிறது, அமல்படுத்தத்தான் ஆளில்லை என்று நொந்துகொள்கிறார். நம் சங்கத்தின் பொதுக்குழுவில் அவர் உட்கார்ந்திருந்தால் மிகவும் உரிமையோடு தலையாட்டியிருப்பார்.

ஆனால் தூண்டில்காரர்களும் சுத்தமானவர்கள் இல்லை. அதே 1650களில் தாமஸ் பார்க்கர் என்ற இன்னொரு தூண்டில் எழுத்தாளர், டிரவுட்டுக்கு மிகச் சிறந்த இரை சால்மன் சினை என்று கண்டுபிடித்துப் பெருமையாக எழுதினார். அந்த ரகசியம் பரவியது. பிற்காலத்தில் சினைக்காகவே முட்டையிட வந்த சால்மனைக் கொன்றார்கள்.

1861: அரசாங்கம் விழித்துக்கொண்டது

தொழிற்சாலைகளும் மதகுகளும் சாக்கடையும் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் நிலைமை முற்றியது. தேம்ஸ் ஆற்றில் சால்மன் 1830களிலேயே அற்றுப்போனது. 1860ல் ஒரு அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். அடுத்த ஆண்டு சால்மன் மீன்வளச் சட்டம் வந்தது. பழைய சட்டங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், அதைக் கவனிக்க ஆய்வாளர்கள்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தன. ஒன்று, மீன் சினையைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. இரண்டு, வாராந்திர விடுமுறை. சனிக்கிழமை நண்பகல் முதல் திங்கள் காலை 6 மணி வரை வலை போடக் கூடாது. அந்த 42 மணி நேரத்தில் கொஞ்சம் மீனாவது கீழே உள்ள வலைகளைத் தாண்டி மேலே போகும். மேலே இருப்பவர்களுக்கும் மீன் கிடைக்கும், மீனுக்கும் முட்டையிட இடம் கிடைக்கும்.

1867ல் பிராங்க் பக்லாண்ட் என்பவர் ஆய்வாளரானார். மருத்துவம் படித்தவர், மீன் பைத்தியம் பிடித்தவர். தாய்மீனிடமிருந்து முட்டையை எடுத்துத் தொட்டியில் பொரிக்க வைக்கும் கலையை மக்களிடையே பரப்பினார். 1870களில் டிரவுட்டுக்கும் சட்டப்படி தடைக்காலம் வந்தது. இன்று இங்கிலாந்தில் நடப்பில் உள்ள 1975ஆம் ஆண்டுச் சட்டம், முட்டையிடும் மீனை மட்டுமல்ல, முட்டை கிடக்கும் ஆற்றுப் படுகையை வேண்டுமென்றே கலைப்பதையும் குற்றம் என்கிறது. ஸ்காட்லாந்தில் அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை பழுப்பு டிரவுட்டைப் பிடிக்க முடியாது.

முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்தவர்கள்

இதுவரை படித்தால், நல்லவர்கள் சட்டம் போட்டார்கள், கெட்டவர்கள் மீறினார்கள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வை ஆற்றின் கதையைப் படிக்கும் வரை.

வேல்ஸ் நாட்டு மலைகளில் பிறந்து இங்கிலாந்து வழியே கடலுக்குப் போகும் ஆறு வை. அதன் மேற்பகுதியில் ரேயடர் என்று ஒரு சின்ன ஊர். 1839 முதல் 1843 வரை மேற்கு வேல்ஸ் விவசாயிகள் சுங்கச் சாவடிகளை உடைத்த 'ரெபேக்கா கலகம்' பிரபலமானது. ஆண்கள் பெண் வேடம் போட்டு, முகத்தில் கரி பூசி, 'ரெபேக்காவின் மகள்கள்' என்று சொல்லிக்கொண்டு இரவில் வந்தார்கள். அந்தப் பெயரும் வேடமும் 1850களுக்குப் பிறகு வை ஆற்றின் கரையில் மறுபடி தலைகாட்டின. இந்த முறை சுங்கச் சாவடிக்காக அல்ல, சால்மனுக்காக.

குளிர்கால இரவுகளில் பந்தமும் ஈட்டியும் ஏந்தி, கும்பலாக, முட்டையிட வந்த மீனைக் குத்தி எடுத்தார்கள். ஆற்றுக் காவலர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒன்றும் செய்ய முடியவில்லை. 1870களின் இறுதியில் இது உச்சத்துக்குப் போனது.

இவர்களுக்கு மீனின் அருமை தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் கேள்வி வேறு. மலை மேல் இருக்கும் ரேயடருக்கு சால்மன் வந்து சேர்வதே இலையுதிர் காலத்தின் கடைசியில்தான். அது வந்து சேரும்போது தடைக்காலம் தொடங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட மாதங்களில் மீன் கீழே இருக்கும். அங்கே வலைக்காரர்கள் பிடிப்பார்கள், ஆற்றங்கரை நிலம் வைத்திருக்கும் கனவான்கள் தூண்டில் போடுவார்கள். மேலே இருப்பவன் தன் வாசலில் மீன் முட்டையிடுவதைப் பார்த்துக்கொண்டு, தொடாமல், அடுத்த வருடம் கீழே இருப்பவர்கள் பிடிப்பதற்காகக் காவல் காக்க வேண்டும். காத்திருப்பது ஒருவர், அறுவடை இன்னொருவருக்கு.

முட்டையிடும் மீனை ஈட்டியால் குத்துவது சரியென்று நான் சொல்லவில்லை. அவர்கள் அழித்தது தங்கள் ஆற்றையும்தான். ஆனால் தியாகத்தை ஒரு பக்கம் மட்டும் கேட்கும் விதி நிற்காது என்பதை அந்தக் கரி பூசிய முகங்கள் சொல்கின்றன. நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. கோடையில் ஏ பிளாக்குக்கு மட்டும் தண்ணீர் நேரத்தைக் குறைத்து, பி பிளாக்கில் கார் கழுவிக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றறிக்கையை யார் மதிப்பார்கள்?

நீலகிரிக்கு வந்த மீன்

இதே சமயத்தில் டிரவுட் கப்பலேறியது. உலகின் எந்த மூலைக்குப் போனாலும் தன் ஊர் மீனைத் தூண்டிலில் பிடிக்க ஆங்கிலேயர் ஆசைப்பட்டார்கள். 1864ல் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்த முட்டைகள் டாஸ்மேனியாவுக்குப் போய்ச் சேர்ந்து பொரிந்தன. அந்த முட்டைகளைச் சேகரித்துத் தந்தவர்களில் பக்லாண்டும் ஒருவர்.

அதே 1860களில் சென்னை மாகாணத்தின் மருத்துவ அதிகாரியும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, நீலகிரிக்கு டிரவுட் முட்டை கொண்டுவர முயன்றார். வழியில் வெப்பம் தாங்காமல் முட்டைகள் செத்தன. கடைசியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காரியம் கைகூடியது. மாகாண அரசு நியமித்த எச்.சி. வில்சன் என்ற நிபுணர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். 1909–10ல் ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைகொண்டது. ஊட்டி போகிறவர்கள் அவலாஞ்சி போனால் அந்தப் பொரிப்பகத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சட்டம். 1877ல் நீலகிரியில் வேட்டைக்காரத் துரைமார்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879ல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அது காப்பாற்ற வந்தது வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும். ஆம், வெளியிலிருந்து வந்த மீன்களை. டிரவுட் இங்கே நிலைகொள்வதற்கு 30 ஆண்டு முன்பே, வரப்போகும் விருந்தாளி மீனுக்குச் சட்டம் தயாராக இருந்தது.

அதே மாகாணத்தின் சமவெளியைப் பாருங்கள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் மீன் (வங்காளிகள் உயிராக நினைக்கும் இலிஷ்) கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும். பாசனத்துக்காகக் கொள்ளிடத்தில் கட்டிய அணைகள் அதன் வழியை மறித்தன. மேலே போக முடியாமல் அணைக்குக் கீழே திரளும் மீனை அள்ளினார்கள். இதைக் கவனித்து அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அதே பிரான்சிஸ் டேதான். 1873ல் வெளியான அவருடைய அறிக்கை, நாடு முழுவதும் சினை மீனும் குஞ்சும் எப்படி அழிக்கப்படுகின்றன என்பதை விவரித்தது. தென்கன்னடத்தில் கலெக்டராக இருந்த எச்.எஸ். தாமஸும் இதே குரலை எழுப்பினார். பிறகு 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது தடுத்தது. உல்லத்தின் பாதையை யாரும் திறக்கவில்லை. 1934ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு காவிரியில் அதன் பயணம் அநேகமாக முடிந்தேபோனது.

அணை கட்டியது தவறு என்று சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஒரே அரசாங்கம், ஒரே காலம். துரைமார்களின் பொழுதுபோக்குக்கு வந்த மீனுக்குக் காவல் கிடைத்தது. ஏழைகளின் சோற்றுக்கு வந்த மீனுக்கு அறிக்கை கிடைத்தது. யாருடைய மீன் என்பதைப் பொறுத்துத்தான் சினை மீனின் மேல் இரக்கம் வந்திருக்கிறது.

பிடித்து, திரும்ப விட்டுவிட்டால்?

இன்றைய தூண்டில்காரர்களிடையே நடக்கும் வாதம் இன்னும் நுட்பமானது. இப்போது பலர் மீனைப் பிடித்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். "நான் கொல்லவே இல்லையே, முட்டையிடும் காலமாக இருந்தால் என்ன?" என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவின் சில ஆறுகளில் ஆண்டு முழுவதும் டிரவுட் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே இது சட்டப் பிரச்சினையே இல்லை, முழுக்க மனசாட்சிப் பிரச்சினை.

இந்த வாதத்துக்கு ஒரு பதில் 1992ல் மொன்டானா மாநிலத்திலிருந்து வந்தது. ராபர்ட்ஸ், வைட் என்ற இரு ஆய்வாளர்கள், டிரவுட் முட்டை புதைந்திருக்கும் கல் படுகையில் ஒருவர் நடந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தார்கள். முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு வெளிவரும் வரை தினமும் இரண்டு முறை மிதித்தபோது, 96 சதவீதம் வரை அழிந்தது. பொரிவதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு முறை மிதித்ததில் 43 சதவீதம் வரை செத்தது.

ஒரே ஒரு முறை! மீனைத் தொடாமலே, தூண்டிலை வீசாமலே, சும்மா குறுக்கே நடந்து போனாலே போதும். வார்ஃப் கரையில் அந்தப் பெரியவர் ஏன் கரையேறிச் சுற்றிப் போனார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவர் கிரேலிங் பிடிப்பது சட்டப்படி சரி. தெரியாமல் குழியின் மேல் நடந்திருந்தால் யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆற்றில் அன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் இருவர் மட்டுமே, அதுவும் தற்செயலாக.

திரும்ப விடப்படும் மீனுக்கும் இழப்பு உண்டு. குழி தோண்டி, துணை தேடி, சண்டை போட்டு, கடைசிச் சொட்டு பலத்தையும் செலவழித்துக்கொண்டிருக்கும் மீன் அது. தூண்டிலில் இழுபட்டுப் போராடிய பிறகு மறுபடி அந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். பசிபிக் சால்மன் போல டிரவுட் முட்டையிட்டதும் சாவதில்லை. பிழைத்தால் அடுத்த வருடமும் வரும். அந்த 'பிழைத்தால்' என்ற சொல் நம் கையில் இருக்கிறது.

நம் வாசலில்

சரி, தூண்டிலே தொடாத நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் கேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வண்டி வரும்போது நான் கேட்கும் முதல் கேள்வியே, "சினை இருக்கா?" என்பதுதான். சின்ன வயதிலிருந்து அந்த வறுவலுக்கு அடிமை. இதையெல்லாம் எழுதிவிட்டு அதை மறைத்தால் நியாயமில்லை.

கடல் மீன் கதை வேறுதான். அங்கே ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு மாதம் முட்டையிடும். அதனால் நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று பொதுவாக ஒரு தடைக்காலம் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. ரேயடர் மக்களுக்கு யாரும் தராத ஒன்று இது. காத்திருக்கச் சொல்கிறோம் என்றால் காத்திருப்பவரின் அடுப்பையும் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் விதி. தொகை போதுமா என்பது மீனவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கவும் செய்கிறார்கள்.

அந்த இரண்டு மாதமும் நம் பங்கு என்ன? வஞ்சிரம் விலை ஏறும். நம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் முணுமுணுப்பு கிளம்பும், நானும் அதில் சேர்ந்திருக்கிறேன். இனி அந்த விலையைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கரையில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரின் காத்திருப்பில் நம் தலைக்கு வரும் பங்கு அது. அந்த மாதங்களில் கத்தரிக்காய் சாப்பிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டோம்.

மகள் போன வாரம் போன் செய்தபோது வார்ஃப் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். மாப்பிள்ளை இப்போதும் அதே வழியில்தான் நடக்கிறாராம். அந்த இடத்தில் தண்ணீர் ஓரமாகச் சின்னச் சின்ன மீன் குஞ்சுகள் ஓடுவதைப் பார்த்தாராம். அவை டிரவுட்தானா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இருக்கட்டும். யாரும் மிதிக்காமல் போன இடம் அது.